பிழைக்கும் ஊர் உண்டு

கொழும்பில் கொட்டாஞ்சேனைக்கும் புறக்கோட்டைக்கும் இடையே மேட்டில் நிற்கும் வுல்வெண்டால் தேவாலயம், ஒல்லாந்தர் இலங்கையில் விட்டுப்போன கட்டடங்களுள் பேர்போன ஒன்று. 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறந்தார்கள். டச்சு மொழியில் வுல்வெண்டால் என்றால் ஓநாய்ப் பள்ளத்தாக்கு. இலங்கைக் காடுகளில் நரி உண்டு, ஓநாய் கிடையாது. கோயில் நிற்பதோ மேட்டில். ஓநாயும் பள்ளத்தாக்கும் எங்கிருந்து வந்தன?

பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இது. போர்த்துக்கேயர் காலத்தில் அந்தப் பக்கத்தில் குவாதலூப்பே மாதாவின் பெயரால் ஒரு கோயில் இருந்தது. பின்னால் வந்த ஒல்லாந்தரின் காதில் அந்தப் பெயர் 'ஆகுவா தெ லூப்போ' என்று விழுந்தது. அது 'ஓநாயின் நீர்' என்று பொருள்படுவதுபோலத் தோன்றவே, அதைப் பொறுப்பாகத் தம் மொழிக்கு மாற்றிக்கொண்டார்கள். மாதா போய் ஓநாய் வந்தது.

ஒல்லாந்தரை அலட்சியக்காரர் என்று சொல்ல முடியாது. தெரியாத ஓர் ஒலித்தொடரை எடுத்து, அதற்கு மிக அருகில் இருந்த தெரிந்த சொற்களைத் தேடி, பொருள் வருமாறு கோத்தார்கள். நம் கைத்தொலைபேசியில் இருக்கும் எழுத்துத் திருத்தி நாள் முழுக்கச் செய்வதும் இதைத்தான். அருகில் இருக்கும் சொல்லைக் கண்டுபிடிப்பது கணக்கு. எழுதியவர் மனத்தில் இருந்த சொல்லைக் கண்டுபிடிப்பது ஊகம். ஆங்கில எழுத்துப்பிழை திருத்தும் கணினி நிரல்களின் அறுபது ஆண்டு வரலாறு, கணக்கிலிருந்து ஊகத்துக்கு நகர்ந்த வரலாறு. ஊகம் பலிக்க வேண்டுமானால், எழுதியவரின் காது எந்த ஊரில் பழகியது என்பதும் தெரிய வேண்டும்.

தொடங்குமுன் ஓர் ஏற்பாடு. ஆங்கில நெடுங்கணக்கின் நான்காம் எழுத்தும் இருபதாம் எழுத்தும் தமிழ்நாட்டு வழக்கில் ஒரே 'டி' ஆகிவிடும். இலங்கைத் தமிழரோ ரொறன்ரோவுக்கு 'ரி', டொக்டருக்கு 'டி' என்று பிரித்து எழுதுவர். இந்த அத்தியாயம் இலங்கை வழக்கையே பின்பற்றுகிறது.

விரலின் பிழை

ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெட் டமெரோ 1964இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். கணினிக்குள் ஏற்றப்பட்ட சொற்களில் இருந்த பிழைகளை அவர் வகைப்படுத்திப் பார்த்தபோது, நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவை நான்கே வகைக்குள் அடங்கின. ஓர் எழுத்து விடுபட்டிருக்கும். ஓர் எழுத்து கூடியிருக்கும். ஓர் எழுத்துக்குப் பதில் இன்னொன்று விழுந்திருக்கும். அல்லது அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருக்கும்.

கொழும்பின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அது சி, ஓ, எல், ஓ, எம், பி, ஓ என்று ஏழு எழுத்து. எல் விடுபட்டால் முதல் வகை. எல் இரட்டித்தால் இரண்டாம் வகை. நடு ஓ இருக்கும் இடத்தில் யூ விழுந்தால் மூன்றாம் வகை. அப்போது கிடைப்பது அமெரிக்கத் தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போவின் பெயர். எம்மும் பியும் இடம் மாறினால் நான்காம் வகை.

இந்த ஏழு எழுத்தில் ஒரே ஒரு தவறு செய்ய எத்தனை வழி? விடுபட 7. இடம் மாற 6. ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக மற்ற 25இல் ஒன்று விழலாம் என்பதால் 175. முன்னும் பின்னும் நடுவிலுமாக உள்ள 8 இடங்களில் 26 எழுத்துகளில் ஏதாவது ஒன்று நுழையலாம் என்பதால் 208. மொத்தம் 396 வழிகள். அவற்றில் சில ஒரே வடிவத்தைத் தரும். மனிதருக்கு இது மலைப்பான தொகை. கணினிக்கோ கண் இமைக்கும் நேரம்கூட வேண்டாம். பிழையான சொல்லை இதே நான்கு வழிகளில் மாற்றிப் பார்த்து, கிடைக்கும் வடிவங்களில் எவை அகராதியில் உள்ளன என்று தேடினால் போதும். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ரால்ப் கோரின் 1971இல் எழுதிய நிரல் இப்படித்தான் ஓர் எழுத்து வேறுபாட்டில் இருந்த சொற்களைத் தேடித் தந்தது.

மொஸ்கோவில் விளாடிமிர் லெவென்ஷ்ரைன் 1965இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஓர் அளவுகோலைத் தந்தது. அவர் எழுத்துப்பிழையைப் பற்றி யோசிக்கவில்லை. தகவல் அனுப்பும்போது குறிகள் விழுந்துபோனாலும் நுழைந்துவிட்டாலும் மீட்டெடுப்பது எப்படி என்பதே அவருடைய கவலை. ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்றக் குறைந்தது எத்தனை திருத்தம் வேண்டும் என்ற எண்ணிக்கைக்கு இன்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இந்த அளவுகோலுக்கு ஒரு குறை உண்டு. எல்லாத் தவறும் அதற்கு ஒன்றுதான். தட்டச்சுப் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் எம்மும் என்னும் மாறுவது எளிது. இரு கோடியில் இருக்கும் கியூவும் எம்மும் மாறுவது அரிது. லெவென்ஷ்ரைன் கணக்கில் இரண்டும் ஒரே தூரம். விரல் எப்படி வழுக்கும் என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது. காது எப்படிக் கேட்கும் என்பது அதற்கு இன்னும் தூரம்.

காதின் பிழை

ஆங்கில எழுத்தைக் காதை நம்பி எழுதினால் பிழைதான். இங்கிலாந்தில் வில்லியம் கக்ஸ்ரன் அச்சுக்கூடம் வைத்தது 1476இல். அச்சு, எழுத்தை ஓரிடத்தில் நிறுத்தத் தொடங்கிய அதே நூற்றாண்டுகளில் ஆங்கில நெட்டுயிர்களின் உச்சரிப்பு பெரிய அளவில் நகர்ந்துகொண்டிருந்தது. எழுத்து நின்றுவிட்டது, ஒலி போய்விட்டது. போதாக்குறைக்குப் புலவர்களும் கைவைத்தார்கள். கடனைக் குறிக்கும் 'டெற்' என்ற சொல்லில் ஒலிக்காத பி ஒன்று கிடக்கிறது. லத்தீன் மூலத்தில் இருக்கிறதே என்று அதைப் பின்னாளில் செருகினார்கள். தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' என்ற சொல்லின் எஸ் அதைவிட மோசம். அந்தச் சொல்லுக்கு உறவே இல்லாத, பிரெஞ்சு வழி வந்த வேறொரு சொல்லைப் பார்த்துச் சேர்த்தது அது. பாடசாலைப் பிள்ளை அந்த எஸ்ஸை விட்டுவிட்டு எழுதினால் புள்ளி குறையும். வரலாற்றின்படி பிள்ளை எழுதியதே பழைய வடிவுக்கு நெருக்கம்.

காதை வைத்துத் தேடும் முதல் முறையும் அமெரிக்காவில்தான் பிறந்தது. றொபேட் ரசல் 1918இல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் என்ற அந்த முறை, குடும்பப் பெயர்களை ஒலியின்படி அடுக்குவதற்கானது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். உயிர்களையும் எச், டபிள்யூ, வை ஆகியவற்றையும் தள்ளிவிட வேண்டும். மீதமுள்ள மெய்களை ஒலிக்கும் விதத்தை வைத்து ஆறு கூட்டமாகப் பிரித்து எண் கொடுக்க வேண்டும். ரிக்கும் டிக்கும் ஒரே எண், 3. எம்முக்கும் என்னுக்கும் 5. எஸ்ஸும் கேயும் ஜீயும் இன்னும் சிலவும் 2. முதல் மூன்று எண்கள் கிடைத்ததும் நிறுத்திவிடலாம்.

இதைக் கொழும்புத் தமிழ்ப் பெயர் ஒன்றில் பரிசோதிப்போம். கந்தசாமி என்பதை ஆங்கிலத்தில் எழுத எத்தனை வழி? 'ந்த' என்பதற்கு என்–டி, என்–ரி–எச், என்–டி–எச் என மூன்று. 'சா' தொடங்க எஸ் மட்டும், அல்லது எஸ்ஸும் டபிள்யூவும் என இரண்டு. கடைசி 'மி' முடிய வை அல்லது ஐ என இரண்டு. பெருக்கினால் 12. வெள்ளவத்தையில் பெயர்ப்பலகைகளையும் கலியாண அழைப்பிதழ்களையும் பார்த்தவர்களுக்கு இந்தப் பன்னிரண்டில் பல பழக்கமானவை. சவுண்டெக்ஸ் முறையில் பன்னிரண்டுக்கும் கிடைப்பது ஒரே குறியீடு: கே–532. அமெரிக்கக் குடும்பப் பெயர்களுக்காகச் செய்த அடுக்குப்பெட்டி, கந்தசாமியை ஒரே தட்டில் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது.

அடுத்த பெயரில் தடுக்கி விழுகிறது. கணேசனை ஒரு குடும்பம் ஜீயில் தொடங்கி எழுதும், அடுத்த குடும்பம் கேயில் தொடங்கி எழுதும். தமிழில் இரண்டும் ஒரே 'க'. சவுண்டெக்ஸில் முதல் எழுத்தைத் தொடக் கூடாது என்பதால் ஒருவர் ஜி–525 தட்டிலும் மற்றவர் கே–525 தட்டிலும் போய்விடுவார்கள். எழிலன் கதை இன்னொரு விதம். சென்னையில் 'ழ'வுக்கு இசட்–எச் எழுதுவது வழக்கம். யாழ்ப்பாணத்து வழக்கில் பெரும்பாலும் எல். சென்னை எழிலனுக்குக் கிடைப்பது இ–245, யாழ்ப்பாண எழிலனுக்கு இ–445. ஒரே பெயர், ஒரே மொழி, நடுவே பாக்கு நீரிணை. குறியீட்டில் இரண்டு அந்நியர்கள்.

இதற்குச் சவுண்டெக்ஸைக் குறைகூற முடியாது. ஜீயும் கேயும் சொல்லின் தொடக்கத்தில் குழம்பாத காதுகளுக்காகச் செய்யப்பட்டது அது. பிழை திருத்தும் எந்த முறைக்குள்ளும் யாரோ ஒருவருடைய காது ஒளிந்திருக்கிறது.

எது இருக்கக்கூடியது?

அருகில் இருக்கும் சொற்கள் பல கிடைத்தால் எதைத் தேர்வது? கொட்டாஞ்சேனைத் தபால்காரர் ஒருவரிடம், ஜம்பட்டா வீதி என்ற பெயரை உருத்தெரியாமல் எழுதிய கடித உறை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் இரண்டு விடயங்களைச் சேர்த்துப் பார்ப்பார். கொழும்பு 13இல் எந்தெந்த வீதிகள் இருக்கின்றன, எந்த வீதிக்கு நிறையக் கடிதம் வரும் என்பது ஒன்று. அந்தப் பெயரை எழுதத் தெரியாதவர்கள் வழக்கமாக எப்படிப் பிழைவிடுவார்கள் என்பது மற்றது. இரண்டையும் பெருக்கி வரும் விடையே அவருடைய ஊகம். பெருக்கியதை அவர் உணராமலும் இருக்கலாம்.

இதன் கணித வடிவம் தோமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியாரின் கட்டுரையிலிருந்து வருகிறது. அவர் இறந்த பின் 1763இல் அச்சேறியது அது. குளோட் ஷனன் 1948இல், அனுப்பிய செய்தி இரைச்சல் மிகுந்த வழியில் வந்து சேரும்போது மூலத்தை எப்படி மீட்பது என்ற கேள்விக்கு அடித்தளம் போட்டார். எழுத்துப்பிழையையும் அப்படிப் பார்க்கலாம். எழுதியவர் நினைத்தது சரியான சொல். மனத்துக்கும் தாளுக்கும் இடையில் இரைச்சல் புகுந்துவிட்டது.

பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் கெர்னிகன், கெனத் சேர்ச், வில்லியம் கேல் மூவரும் 1990இல் இந்த எண்ணத்தை நிரலாக்கினர். சொற்கள் எவ்வளவு அடிக்கடி வரும் என்பதை அறிய அசோசியேட்டட் பிரஸ் செய்திகளில் 4 கோடியே 40 இலட்சம் சொற்களை எண்ணினர். எந்த எழுத்து எந்த எழுத்தாக மாறும், எது விடுபடும் என்பதற்குத் தனி அட்டவணைகள் போட்டனர். அவர்கள் காட்டிய ஓர் எடுத்துக்காட்டு இத்துறையில் பாடமாகிவிட்டது. ஏ, சி, ஆர், இ, எஸ், எஸ் என்று ஒரு பிழை. ஒரே திருத்தத்தில் ஆறு சொற்களை எட்டலாம். நடுவே ரி விடுபட்டிருந்தால், நினைத்தது நடிகை. ஓர் எஸ் கூடியிருந்தால் ஏக்கர்கள். முதலில் ஏ கூடியிருந்தால் ஒரு கீரை வகை. முதல் இரண்டு எழுத்தும் இடம் மாறியிருந்தால் தழுவல். ஓ போய் இ வந்திருந்தால் குறுக்கே. சி போய் ஆர் வந்திருந்தால் அணுகல். டமெரோவின் நான்கு வகைகளும் ஒரே பிழையில்!

கீரையும் தழுவலும் செய்திகளில் அரிதாகவே வரும் என்பதால் நிரல் அவற்றை ஒதுக்கியது. அதன் முதல் தேர்வு ஏக்கர்கள், இரண்டாவது நடிகை. ஏக்கர்களுக்கு ஒரு கூடுதல் சாதகமும் இருந்தது: உபரி எஸ் எதுவென்று கேட்டால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், ஆகவே அந்தப் பிழை நேர இரண்டு வழி. ஆனால் பிழை இருந்த வாக்கியம் ஒரு கலைஞரின் திறமையைப் புகழ்வது. எழுதியவர் நினைத்தது நடிகைதான். கணக்கு சரி, விடை பிழை. பக்கத்துச் சொற்களை அது பார்க்கவில்லை.

சொல் சரி, இடம் பிழை

பக்கத்துச் சொற்களைப் பார்க்காமல் தீராத பிழைகளும் உண்டு. காலி வீதியில் வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து பம்பலப்பிட்டிப் பக்கமாக நடந்தால் கடைப்பலகைகளில் பாடமே படிக்கலாம். எழுதுபொருள் கடைக்கு 'ஸ்ரேஷனறி' என்று ஆங்கிலத்தில் எழுதும்போது, ஆருக்கு முன் இ வர வேண்டும். ஏ போட்டால் அசையாமல் நிற்பது என்ற பொருள் வந்துவிடும். இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள். சொல்லைத் தனியாகப் பார்க்கும் நிரல் எதையும் அடிக்கோடிடாது.

அகராதியைப் பெரிதாக்கினால் இந்தச் சிக்கல் வளரும். ஜேம்ஸ் பீற்றர்சன் 1986இல் கணித்தது இது: சிறிய சொற்பட்டியலை வைத்துக்கொண்டால் தட்டச்சுப் பிழைகளில் நூற்றுக்கு 2 அளவே வேறொரு சரியான சொல்லாகி மறையும். 50,000 சொல் பட்டியலில் அது 10 ஆகும். 350,000 சொல் பட்டியலில் ஏறத்தாழ 16. அகராதியில் அரிய சொற்களைக் குவிக்கக் குவிக்க, பிழைகள் அந்தச் சொற்களின் வேடத்தில் தப்பிவிடுகின்றன.

விடை வாக்கியத்தில்தான் இருந்தது. எரிக் மேஸ், டமெரோ, றொபேட் மேர்சர் மூவரும் 1991இல் மும்மூன்று சொற்களாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 'பாடசாலை' என்ற சொல்லும் 'பென்சில்' என்ற சொல்லும் பக்கத்தில் இருக்க, அசையாமல் நிற்பது என்ற சொல் அங்கே வர வாய்ப்பு எவ்வளவு? இன்றைய மொழி மாதிரிகள் மூன்று சொல்லோடு நிற்பதில்லை. முழு வாக்கியத்தையும், சில வேளை முழுப் பக்கத்தையும் பார்த்தே இடத்துக்குப் பொருந்தும் சொல்லை மதிப்பிடுகின்றன. முன்பு சொன்ன நடிகையை அவை எளிதில் கண்டுகொள்ளும்.

ஆனாலும் கொழும்பின் பலகைகள் அவற்றையும் சோதிக்கும். முடிவெட்டும் கடைக்கு இங்கே சலூன் என்றே பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போதும் இரண்டு ஓ. வெளிநாட்டுக் காது அதை மதுக்கடை என்று கேட்கும். ஓர் ஓவை எடுத்துவிட்டு 'சலோன்' ஆக்கத் துடிக்கும். தெருவில் போகிற எவருக்கும் குழப்பம் இல்லை. நகைக்கடைப் பலகையில் இருக்கும் பிரித்தானிய எழுத்து, அமெரிக்க அகராதியில் ஓடும் நிரலுக்குப் பிழை. எழுதியவர் எண்ணியதை எழுதியவர் ஊரின் வழக்கிலேயே தேட வேண்டும்.

வாட்சப்பில் சிக்கல் இன்னொரு படி ஏறும். தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கும் ஒருவர் 'நான்' என்று என், ஏ, ஏ, என் அடிக்கிறார். ஆங்கில அகராதியில் அது ரொட்டி. 'சரி' என்று எஸ், ஏ, ஆர், ஐ அடிக்கிறார். அது சேலை. அவர் சொன்னது சம்மதம். திருத்தி வாசித்தது ஒரு ரொட்டியையும் ஒரு சேலையையும், அதுவும் பிழை ஏதுமின்றி. சொல்லைத் தேடுமுன், எழுதுபவர் எந்த மொழியில் யோசிக்கிறார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

எங்கள் காது

தமிழில் 'க' ஒரே எழுத்து. இடத்துக்கேற்ப ஒலி மாறும். 'ப', 'த', 'ட' எல்லாம் அப்படித்தான். தமிழ்வழி படித்த பிள்ளை ஆங்கிலம் எழுதும்போது கேயும் ஜீயும், ரியும் டியும், பேப்பரின் பியும் பஸ்ஸின் பியும் ஒன்றையொன்று இடம்பிடிப்பது எதிர்பார்க்கக் கூடியது. ஒரே 'வ' இருப்பதால் வீயும் டபிள்யூவும் மாறும். இவற்றில் பல, தட்டச்சுப் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இல்லாத எழுத்துகள். விரலின் பிழையை மட்டும் கற்ற நிரலுக்கு இவை நடக்க முடியாத பிழைகளாகத் தெரியும்.

தமிழ்க் காதும் ஒன்றல்ல. சென்னையில் 'டாக்டர்', கொழும்பில் 'டொக்டர்'. அங்கே 'காபி', இங்கே 'கோப்பி'. இரண்டிலும் ஆங்கில எழுத்து ஓ. காதை நம்பி எழுதினால் கொழும்புப் பிள்ளை சரியாக எழுதிவிடும். சென்னைப் பிள்ளை ஏ போட வாய்ப்பு உண்டு. ஆகவே 'தமிழர் விடும் ஆங்கிலப் பிழை' என்று ஒரே அட்டவணை போட்டால் அது இரண்டு ஊருக்கும் முழுதாகப் பொருந்தாது.

உள்ளூர்க் காதிலிருந்து தொடங்கிய வேலைக்குக் கொழும்பிலேயே முன்மாதிரி உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் மொழித் தொழில்நுட்ப ஆய்வுகூடத்தில் அசங்க வாசல, ருவன் வீரசிங்க முதலானோர் 2010இல் சிங்களத்துக்கான எழுத்துப்பிழை திருத்தி ஒன்றைப் பற்றி எழுதினர். சிங்களத்தில் இரண்டு ந–ண எழுத்துகளும் இரண்டு ல–ள எழுத்துகளும் பேச்சில் ஒன்றுபோலவே ஒலிக்கும். சிங்களவர் தம் தாய்மொழியில் அதிகம் இடறுவது இங்கேதான். ஆய்வாளர்கள் ஒலி ஒத்த எழுத்துகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, எந்த வடிவம் எழுத்துத் தொகுப்பில் பெரிதும் வழங்குகிறது என்று தேர்ந்தார்கள். அவர்களிடம் பெரிய இலக்கண இயந்திரம் இருக்கவில்லை. தம் மக்கள் எங்கே இடறுவார்கள் என்ற அறிவு இருந்தது.

திருத்தக் கூடாத சொல்

எழுத்துத் திருத்தி அதிகம் அவமானப்படுத்துவது பெயர்களைத்தான். கொழும்பில் பிறந்த தமிழர் பலரின் பிறப்பத்தாட்சிப் பத்திரம் சிங்களத்தில் இருக்கும். பெற்றோர் சொன்னது தமிழ்ப் பெயர். பதிவாளர் கேட்டு எழுதியது சிங்களத்தில். சிங்களத்தில் க வேறு, ஜீ ஒலி வேறு, த வேறு, அதன் மெல்லொலி வேறு. தமிழ் எழுத்து திறந்து வைத்திருந்த கேள்விக்கு அங்கே ஒரு பதில் எழுதப்பட்டுவிடுகிறது. அதைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலமாக்கும்போது இன்னொரு பதில். தகப்பனின் கடவுச்சீட்டில் டி, மகனின் கடவுச்சீட்டில் ரி–எச். கந்தசாமியின் பன்னிரண்டு வடிவங்களும் பிறப்பது இப்படித்தான். வீசாவுக்குப் போகும்போது, இரண்டு எழுத்தும் ஒரே ஆளையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும்.

ஷனனின் இரைச்சல் வழி இங்கே மூன்று மொழி கடந்து போகிறது. ஆனால் மறுமுனையில் மீட்டெடுக்க வேண்டிய 'சரியான' ஆங்கில வடிவம் என்று ஒன்று ஆரம்பத்திலேயே இல்லை. கடவுச்சீட்டில் அச்சான வடிவமே அந்த மனிதருக்குச் சரி. பக்கத்து வீட்டுக்காரருக்கு அதே பெயரின் வேறு வடிவம் சரி. பெரும்பான்மையை வைத்து ஊகிக்கும் நிரல் இங்கே உதவாது. நூறு பேர் டி போட்டார்கள் என்பதற்காக நூற்றோராவது ஆளின் ரி–எச்சை மாற்றினால், விமான நிலையத்தில் நிற்கப்போவது நிரல் அல்ல.

இது தமிழருக்கு மட்டுமான வலி அல்ல. 2024இல் பிரித்தானியாவில், ஆசிய, ஆபிரிக்க, ஐரிஷ், வேல்ஸ் பெயர்களைக் கணினி சிவப்புக் கோடிட்டுப் பிழையாக்குவதை எதிர்த்து, 'நான் எழுத்துப்பிழை அல்ல' என்ற பெயரில் ஓர் இயக்கமே நடந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆவணங்களில் முன்னொரு காலத்தில் 'ஒத்துழைப்பு' என்ற ஆங்கிலச் சொல் கலிபோர்னியாவின் குப்பேர்ட்டினோ நகராக மாறி அச்சேறியது. இடைக்கோடு இல்லாத அந்தச் சொல் திருத்தியின் பட்டியலில் இருக்கவில்லை. நகரத்தின் பெயர் இருந்தது. இப்படியான திருத்தங்களுக்கு இன்றும் அந்த நகரத்தின் பெயர்தான்.

பொறியியலில் இதற்கு ஒரு தெளிவான வழி உண்டு. திருத்தாமல் விட்டால் வரும் நட்டம் ஒன்று, தவறாகத் திருத்தினால் வரும் நட்டம் இன்னொன்று. சாதாரணச் சொல்லில் முதல் நட்டம் பெரிது. பெயரில் இரண்டாவது பல மடங்கு பெரிது. ஆகவே நிரல் நூற்றுக்குத் தொண்ணூறு நிச்சயத்தோடு ஒரு சாதாரணச் சொல்லை மாற்றலாம். அதே நிச்சயத்தோடு ஒரு பெயரைத் தொடக் கூடாது. கேட்க வேண்டும், அல்லது சும்மா இருக்க வேண்டும்.

சிவப்பு மை

வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் பொருந்தும் ஆங்கிலத் திருத்தி ஒன்றைச் செய்ய என்ன வேண்டும்? அகராதி இருக்கிறது. வாக்கியத்தைப் பார்க்கும் மாதிரிகள் இருக்கின்றன. உள்ளூர்ச் சொற்களின் பட்டியலை ஓர் ஆண்டில் தொகுத்துவிடலாம். இல்லாதது பிழைகளின் தொகுப்பு. லண்டன் பேர்க்பெக் கல்லூரியில் றோஜர் மிற்றன் சேர்த்த தொகுப்பில் 6,136 சொற்களுக்கு 36,133 பிழை வடிவங்கள் இருக்கின்றன. உலகெங்கும் ஆய்வாளர்கள் தம் நிரலைச் சோதிக்க அதை எடுக்கிறார்கள். அதில் பெரும்பகுதி ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் விட்ட பிழைகள். கணேசனின் கேயும் ஜீயும் அங்கே கிடைக்காது.

இங்கே அந்தத் தரவு தினமும் உற்பத்தியாகிறது. காலி வீதியை ஒட்டிய ரியூட்டரிகளிலும் ஜம்பட்டா வீதிப் பக்கத்து வகுப்புகளிலும், ஆங்கில ஆசிரியர் ஒவ்வொரு கொப்பியிலும் ஒரு சொல்லை வெட்டி அதற்கு மேல் இன்னொரு சொல் எழுதுகிறார். பிழையும் பிள்ளை எண்ணிய சொல்லும் பக்கத்தில் பக்கத்தில். பெல் ஆய்வுக்கூடத்தார் அட்டவணை போடத் தேவைப்பட்டதும் இந்தச் சோடிதான். எண்ணிய சொல் எது என்பதை ஆசிரியர் பெரும்பாலும் தப்பாமல் பிடிக்கிறார், ஏனென்றால் அவருடைய காதும் அதே தெருவில் பழகியது. தவணை முடிய அந்தக் கொப்பிகள் பழைய பேப்பருக்குப் போகின்றன. பிள்ளைகளின் பெயர்களை நீக்கிவிட்டு அந்தச் சோடிகளை மட்டும் பதிந்து வைத்தால், புள்ளி குறைக்கப் பயன்பட்ட சிவப்பு மை இந்த ஊரின் காதுக்கு ஓர் அட்டவணை ஆகும். அதைச் செய்யப் பெரிய கணினி வேண்டாம். ஒரு பாடசாலையும் ஒரு பல்கலைக்கழகமும் பேசிக்கொண்டால் போதும்.